போதைப்பொருள் தடுப்பில் காவல் நிலையமும் துணைப்படைகளும்

காவல் நிலையத்தில் இருக்கும் ஆட்கள் ஒரு வேலைக்குப் போதாதபோது வெளியிலிருந்து வரவழைக்கப்படும் படைகள் தமிழ்நாட்டில் பல அடுக்குகளாக உள்ளன. முதலில் மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஆயுதப்படை. அதற்கு மேல், ஆவடி, மணிமுத்தாறு போன்ற இடங்களில் அணிகளாக வைக்கப்பட்டிருக்கும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படை. மக்கள் இதை ‘ரிசர்வ் போலீஸ்’ என்றும் ‘பட்டாலியன்’ என்றும் சொல்கிறார்கள். பக்கத்தில், வேறு தொழில் செய்துகொண்டே அழைத்த நாளில் சீருடை அணியும் ஊர்க்காவல் படை. இவையெல்லாம் மாநில அரசின் கையில் உள்ளவை. ஒன்றிய அரசின் பக்கம் ரயில்வே பாதுகாப்புப் படை, எல்லைப் பாதுகாப்புப் படை, கடலோரக் காவல் படை, கடற்படை ஆகியவை வருகின்றன. ராணுவத்தின் இருப்புப் படையான பிராந்திய ராணுவம் கடைசி அடுக்கு. போதைப்பொருள் தடுப்பில் இந்த அடுக்குகளுக்கு எவ்வளவு இடம் தரலாம், எந்தக் கட்டத்தில் அவை விலகி நிற்க வேண்டும் என்பது சட்டத்திலும் நடைமுறையிலும் இன்னும் முழுதாகத் தீராத கேள்வி.

அரசியல் சட்டம் இதற்கு ஒரு வேலியைப் போட்டிருக்கிறது. பொது அமைதியும் காவல்துறையும் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்கள். முதல் இனத்திலேயே, சிவில் அதிகாரத்துக்கு உதவியாக ஒன்றியத்தின் தரைப்படை, கடற்படை, விமானப்படை, வேறு ஆயுதப்படைகளைப் பயன்படுத்துவது மாநிலத்துக்குரிய விஷயம் ஆகாது என்று விலக்கு இருக்கிறது. 1976இல் வந்த 42ஆவது திருத்தம் ஒன்றியப் பட்டியலில் 2ஏ என்ற இனத்தைச் சேர்த்து, அந்தப் படைகளை மாநிலங்களுக்குள் நிறுத்தும் அதிகாரத்தை ஒன்றியத்திடம் தெளிவாகக் கொடுத்தது. ஆகவே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஆயுதப்படையையும் ஊர்க்காவல் படையையும் தம் பொறுப்பில் அழைக்கலாம். ராணுவத்தை அழைக்க முடியாது. பிராந்திய ராணுவம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 1949 அக்டோபர் 9 அன்று தலைமை ஆளுநர் ராஜாஜியால் தொடங்கிவைக்கப்பட்டது. சிவில் அதிகாரத்துக்குத் துணையாக அதை அழைக்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. கோயம்புத்தூரில் அதன் அணி ஒன்றும் இருக்கிறது. ஆனால் கஞ்சா பிடிக்க அதை அழைப்பது இந்திய வழக்கத்தில் இல்லை. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் ராஜாஜிதான். அந்த அமலாக்கமும் மாகாணத்தின் சொந்த ஆட்களை நம்பியே நடந்தது.

1985ஆம் ஆண்டின் போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் இந்தப் பிரச்சினைக்கு அச்சாணி. அதன் 42ஆம் பிரிவு, தகவலின் பேரில் ஒரு கட்டடத்திலோ வாகனத்திலோ நுழைந்து சோதிக்கவும், பொருளைக் கைப்பற்றவும், ஆளைக் கைது செய்யவும் யாருக்கு அதிகாரம் என்று வரையறுக்கிறது. ஒன்றிய அரசின் துறைகளைச் சொல்லும்போது துணை ராணுவப் படைகளையும் ஆயுதப்படைகளையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. அதாவது ஒன்றிய அரசு ஆணை பிறப்பித்தால் படை அதிகாரியும் இந்த அதிகாரத்தைப் பெறலாம். அதே பிரிவு இன்னொரு கோட்டையும் போடுகிறது: பியூன், சிப்பாய், காவலர் ஆகிய நிலைகளுக்கு மேற்பட்டவராக இருந்தால்தான் அதிகாரம் உண்டு. துணைக்கு வரும் படையினரில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பவர்கள். இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகிறவர் முதல் சில ஆண்டுகளை ஆயுதப்படையிலோ சிறப்புக் காவல் படையிலோ கழித்த பிறகே தாலுகா காவல் நிலையத்துக்கு வருகிறார். ஊர்க்காவல் படையினருக்கு அழைக்கப்பட்ட நேரத்தில் காவலருக்கு ஒப்பான பாதுகாப்பும் அதிகாரமும் உண்டு என்றாலும், காவலருக்கே இல்லாத அதிகாரம் அவருக்கு வந்துவிடாது.

சட்டம் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் தண்டனையின் கடுமை. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தது பத்து ஆண்டுச் சிறை. அது இருபது ஆண்டு வரை போகலாம். 37ஆம் பிரிவால் பிணை கிடைப்பது அரிது. 54ஆம் பிரிவின்படி, கைவசம் பொருள் இருந்தால் குற்றம் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கலாம். இத்தனை பாரத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மேல் ஏற்றும் சட்டம், அரசுத் தரப்பின் ஒவ்வோர் அடியையும் உரைத்துப் பார்ப்பது நியாயம். தகவலை எழுதிவைக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உண்டு என்று ஆளிடம் சொல்ல வேண்டும். கைதையும் கைப்பற்றலையும் பற்றி 48 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். அதிகாரம் பெறாத அலுவலர் நடத்திய சோதனையை அடிப்படையாகக் கொண்ட வழக்கு நிற்காது என்று ‘ராய் வி.டி. எதிர் கேரள அரசு’ வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னையில் பிடிபட்ட ஹெராயின் வழக்கிலிருந்து எழுந்த ‘தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு’ தீர்ப்பு, இச்சட்டப்படி விசாரிக்கும் எந்தத் துறை அதிகாரியும் காவல் அதிகாரியே என்றும், அவர் முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்றும் 2020 அக்டோபரில் முடிவு செய்தது. வேறு சீருடை அணிந்தவர் கையில் வாக்குமூலம் வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி இதோடு அடைபட்டது.

இந்த விதிகளின் எடை நெடுஞ்சாலையில்தான் நன்றாகத் தெரியும். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெரிய ஏரிக்குப் பெயர்பெற்ற தாமல், சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். சற்று மேற்கே போனால் ராணிப்பேட்டை மாவட்டம் வந்துவிடும். கிழக்கே சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகள். ஆந்திராவின் கிழக்கு மலைத்தொடரில், அல்லூரி சீதாராம ராஜு மாவட்டத்தையும் ஒடிசா எல்லையையும் சுற்றி விளையும் கஞ்சா, எளாவூர் வழியாகவோ திருத்தணி வழியாகவோ ரயில் பெட்டிகளிலோ வட தமிழகத்துக்குள் நுழைந்து இதுபோன்ற சாலைகளில் பிரிகிறது. இரவில் இப்படிப்பட்ட சாலையில் ஒரு வாகனத் தணிக்கை நடப்பதாகக் கொண்டால், குறைந்தது மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இரும்புத் தடுப்புகளை இழுத்துப் போட்டு, ஒளிரும் கோலை ஆட்டி, பின்னால் வரும் லாரிகள் மோதாதபடி வேகத்தைக் குறைக்க ஆள் வேண்டும். நிறுத்திய வண்டியிலிருந்து இறங்கி வயல் பக்கம் ஓடுகிறவரைப் பிடிக்க ஆள் வேண்டும். மூட்டையைத் திறந்து, எடை போட்டு, மகஜர் எழுத ஒரு உதவி ஆய்வாளர் வேண்டும். சாட்சிக்குக் கிராம நிர்வாக அலுவலரையும் உதவியாளரையும் அழைத்துவர வேண்டும். முதல் இரண்டுக்கும் ஆயுதப்படைக் காவலரும் ஊர்க்காவல் படையினரும் நன்றாகவே பொருந்துவார்கள். மூன்றாவது நிலையத்தின் வேலை.

சிக்கல் அந்த இடைவெளியில் நுழைகிறது. நள்ளிரவு தாண்டி, உதவி ஆய்வாளர் வேறொரு வண்டியருகே நிற்கும்போது, ஆர்வமுள்ள ஒருவர் காரின் பின்கதவைத் திறந்து பையின் ஜிப்பை இழுத்துவிடுகிறார். உள்ளே பழுப்புநிற நாடா சுற்றிய பொட்டலங்கள். பிடிபட்டது உண்மையான சரக்குதான். ஆனால் முதலில் திறந்தது யார், எந்த அதிகாரத்தில் என்று குறுக்கு விசாரணையில் கேட்கப்படும். பேருந்து, வாடகை வண்டி போன்ற பொது வாகனங்களிலும் பொது இடங்களிலும் 43ஆம் பிரிவு கொஞ்சம் தளர்வு தருகிறது. தனியார் காருக்கு அந்தத் தளர்வு கிடையாது. பொதுச் சாலையில் நின்ற தனியார் ஜீப்பைப் பொது வாகனமாகக் கொள்ள முடியாது, 42ஆம் பிரிவைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்று ‘பூட்டா சிங் எதிர் ஹரியானா அரசு’ வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் கூறிக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. பேருந்துக்கு ஒரு விதி, காருக்கு ஒரு விதி என்பது துணைக்கு வந்து நிற்கும் இளைஞருக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

பிடித்தபின் நடப்பதிலும் இதே கவனம் தேவை. 2022 டிசம்பரில் வந்த புதிய விதிகளின்படி, மாதிரி எடுப்பது சாலையோரத்தில் நடக்கும் வேலையாக இனி இல்லை. கைப்பற்றிய பொருளைப் பட்டியலிட்டு, 52ஏ பிரிவின்கீழ் நடுவர் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும். கஞ்சா என்றால் ஒவ்வொரு மாதிரியும் 24 கிராமுக்குக் குறையாமல், இரட்டைப் படியாக. மூட்டை முத்திரையிடப்பட்ட நேரத்திலிருந்து நடுவர் முன் பிரிக்கப்படும் வரை எத்தனை கைகள் மாறின என்பதற்கு எழுத்தில் கணக்கு இருக்க வேண்டும். காவலுக்கு நிற்பதில் ஆயுதப்படைக்குப் பழக்கம் அதிகம். பாரா டியூட்டி அவர்களுக்கு அன்றாட வேலை. பொருளைத் தொடாமல் அது வைக்கப்பட்ட அறையைக் காப்பது அவர்கள் நிலையத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவிகளில் ஒன்று.

தமிழ்நாட்டில் அண்மைக் கால முயற்சிகள் இந்த ஆள்பலத்தை நம்பியே நடந்தன. காவல்துறைத் தலைமை இயக்குநராக சைலேந்திர பாபு இருந்தபோது 2021 டிசம்பரில் ‘கஞ்சா வேட்டை’ ஒரு மாத நடவடிக்கையாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மார்ச் இறுதியில் இரண்டாம் கட்டம் வந்தது. 2022 ஆகஸ்ட் 10 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மாவட்ட ஆட்சியர்களையும் காவல் கண்காணிப்பாளர்களையும் அழைத்துப் போதைப்பொருள் தடுப்புக்கென்றே மாநாடு நடத்தினார். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவையும் போதைப்பொருள் நுண்ணறிவுப் பிரிவையும் இணைத்து அமலாக்கப் பணியகம் என்ற ஒரே குடையின்கீழ் கொண்டுவந்ததும் இந்தக் காலத்தில்தான். ஆந்திரக் காவல்துறை 2021 இறுதியில் ‘பரிவர்த்தனா’ என்ற பெயரில் மலைக்கிராமங்களில் பயிரை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபல்லி அருகே இரண்டு லட்சம் கிலோ அளவுக்குக் கஞ்சாவை எரித்தது. விளைநிலத்தை அழிக்க ஆள்பலம் பெரிதும் வேண்டும். சட்ட நுணுக்கம் ஒப்பீட்டில் குறைவு. செங்குத்தான சரிவுகளில் நடந்து, செடியைப் பிடுங்கிக் குவித்து, சுற்றிலும் காவல் நிற்பது படைகளுக்கு இயல்பான வேலை. தமிழ்நாட்டிலும் முன்பு வருசநாட்டு மலைக்காடுகளில் இதே வேலை நடந்தது.

ஒரு மாதம் வேட்டை நடத்தலாம். வருடம் முழுவதும் நடத்த ஆள் கிடைப்பதில்லை என்பது காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பார்த்தாலே புரியும். 2019இல் அத்திவரதர் தரிசனம் ஜூலை 1 முதல் 48 நாள் நடந்தது. கோடி பேர் வந்த அந்த நாட்களில் பல மாவட்டக் காவலர்கள் காஞ்சிபுரத்தில் குவிந்தனர். 2022 முதல் பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் போராடிவருகிறார்கள். அங்கே பந்தோபஸ்து தொடர்கதை. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. இவை ஒவ்வொன்றுக்கும் முதலில் அனுப்பப்படுவது ஆயுதப்படையும் பட்டாலியனும்தான். எனவே ஒரு கிராம நிலையத்துக்கு இரவுத் தணிக்கைக்குத் துணை வேண்டும் என்று கேட்டால், மிச்சமிருப்பது ஊர்க்காவல் படை மட்டுமே என்ற நிலை அடிக்கடி வருகிறது. பயிற்சியும் ஊதியமும் எல்லாரையும் விடக் குறைவாகப் பெறுகிறவர், சட்டச் சிக்கல் அதிகமுள்ள வேலைக்கு வந்து நிற்கிறார். இந்த ஏற்பாடு தலைகீழானது.

ஊர்க்காவல் படை 1946 டிசம்பர் 6 அன்று பம்பாயில் தோன்றியது. 1962 சீனப் போருக்குப் பிறகு நாடெங்கும் சீரமைக்கப்பட்டது. சென்னை மாநிலம் 1963இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. தன்னார்வத் தொண்டு என்ற எண்ணத்தில் பிறந்ததால் இதற்கு மாதச் சம்பளம் இல்லை. அழைத்த நாளுக்குப் படி மட்டுமே. மாதம் முழுவதும் பணிபுரிந்தால் கிடைக்கும் படி, காவலருக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாதபடி நிர்ணயிக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் மாதம் முழுவதும் அழைக்கப்பட்டால்தானே அந்தக் கணக்கு. தச்சு வேலையோ ஓட்டுநர் வேலையோ பார்த்துக்கொண்டு வருபவர், ஊர்ப் பையன்களில் யார் கையில் திடீரென்று பணம் புழங்குகிறது என்பதை நிலையத்துக்கு முன்பே அறிந்திருப்பார். அந்த அறிவு மதிப்புள்ளது. அதே அறிவே அவரை ஆபத்தில் நிறுத்துகிறது. சரக்கு விற்பவரும் அவரும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். பணி முடிந்து சீருடையைக் கழற்றிய பிறகு அவருக்குக் காவல் யாரும் இல்லை.

சீருடை இல்லாத துணைக்கு இதைவிட எச்சரிக்கை வேண்டும் என்பதை 2020 காட்டியது. 1993இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் தொடங்கிய ‘காவல்துறை நண்பர்கள்’ இயக்கம் மக்களுக்கும் நிலையத்துக்கும் பாலமாக எண்ணப்பட்டது. சாத்தான்குளம் காவல் நிலைய மரணங்களில் அந்த அமைப்பைச் சேர்ந்தவர்களுக்கும் பங்கு இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு அதை மறுத்தாலும், 2020 ஜூலையில் அரசு தடை விதித்தது. நிலையத்தின் உட்புறத்தில் பொறுப்பு வரையறுக்கப்படாத ஆட்கள் நடமாடுவது எவ்வளவு அபாயம் என்பதற்கு அது போதுமான பாடம். இதற்கு முன் 2013இல் மாதம் 7,500 ரூபாய்க்கு இளைஞர்களைச் சேர்த்த சிறப்புக் காவல் இளைஞர் படையும், பின்னர் அவர்களைத் தேர்வு வைத்துக் காவலர்களாக ஏற்கும் நிலைக்கே வந்து சேர்ந்தது. நிரந்தர வேலையைத் தற்காலிக ஆட்களைக் கொண்டு நெடுநாள் நடத்த முடியவில்லை.

கடலில் கணக்கு வேறு. அங்கே காவல் நிலையத்துக்கு எட்டாத தூரம். கப்பலும் ரேடாரும் படைகளிடமே உள்ளன. கடலோரக் காவல் படைக்கும் மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமங்களுக்கும் கடலில் போதைப்பொருளை இடைமறிக்கும் அதிகாரம் வழங்கப்பட்டிருக்கிறது. 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே ‘ஷெனாயா துவா’ என்ற இலங்கைப் படகிலிருந்து கடலோரக் காவல் படை சுமார் 100 கிலோ ஹெராயினையும் ஐந்து கைத்துப்பாக்கிகளையும் கைப்பற்றியது. 2023 மே மாதம் கடற்படையும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகமும் சேர்ந்து அரபிக் கடலில் சுமார் 2,500 கிலோ மெத்தாம்பெட்டமைனைப் பிடித்தன. 2024 மார்ச்சில் மண்டபம் கடற்பகுதியில் 99 கிலோ ஹாஷிஷ் சிக்கியது. இவற்றில் எல்லாம் படை மடக்குகிறது. விசாரணை முகமை வழக்கை எடுத்துக்கொள்கிறது. வேலைப் பிரிவினை தெளிவாக இருப்பதால் தகராறு குறைவு. தமிழ்நாட்டில் மீனவ இளைஞர்களைச் சேர்த்து அமைத்த கடலோர ஊர்க்காவல் படையும் இதே முறையில் பயன்படுகிறது: எந்தப் படகு எந்த ஊருடையது, இந்தப் பருவத்தில் இந்தத் துறையில் அதற்கு என்ன வேலை என்று பார்த்த மாத்திரத்தில் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ரயிலில் 2019 ஏப்ரல் முதல் ரயில்வே பாதுகாப்புப் படையின் உதவி துணை ஆய்வாளரும் அவருக்கு மேற்பட்டோரும் சோதனை, கைப்பற்றல் அதிகாரம் பெற்றனர். 42ஆம் பிரிவின் வாசலைச் சட்டப்படியே திறந்துவிட்ட ஏற்பாடு இது. எல்லை மாநிலங்களில் எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் இத்தகைய அதிகாரம் உண்டு. 2021 அக்டோபரில் பஞ்சாபில் அதன் ஆட்சி எல்லையை 15 கிலோமீட்டரிலிருந்து 50ஆக ஒன்றிய அரசு உயர்த்தியபோது மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. துணை எந்தத் தூரம் வரை துணை, எங்கே மாநிலக் காவல்துறையின் இடத்தைப் பிடிக்கிறது என்ற வழக்கு அது.

இதே கேள்வி வெளிநாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ராணுவம் காவல் வேலை செய்வதைத் தடுக்கிறது. ஆனால் மாநில ஆளுநரின் கீழ் இருக்கும் நேஷனல் கார்டு என்ற இருப்புப் படைக்கு அது பொருந்தாது. 1980களின் இறுதியிலிருந்து அந்தப் படையினர் கூட்டாட்சி நிதியில், ஆளுநர் தயாரிக்கும் திட்டத்தின்படி, தகவல் பகுப்பாய்வு, வான்வழிக் கண்காணிப்பு, மொழிபெயர்ப்பு, போக்குவரத்து போன்றவற்றில் உள்ளூர்க் காவல்துறைக்கு உதவுகிறார்கள். கைதையும் சோதனையையும் காவல்துறையே செய்கிறது. இந்தக் கோடு ஏன் வேண்டும் என்பதற்கு 1997 மே மாதம் டெக்சாஸின் ரெட்ஃபோர்டில் நடந்தது சாட்சி. போதைப்பொருள் கடத்தலைக் கண்காணிக்க மறைந்திருந்த முழுநேர ராணுவத்தினர், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த 18 வயது உள்ளூர் மாணவனைச் சுட்டுக் கொன்றனர். அதன்பின் எல்லையில் அவ்வகைத் தரைக் கண்காணிப்பு நிறுத்தப்பட்டது. மெக்சிகோ 2006 டிசம்பரில் ராணுவத்தையே முன்னணியில் இறக்கியது. ஐந்து ஆண்டுகளில் நாட்டின் ஆண்டுக் கொலை எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்கானது.

தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கை. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் பொலிஸாருடன் விசேட அதிரடிப்படையும் முப்படையும் இறங்கின; சில வாரங்களில் பல்லாயிரம் பேர் கைதாகினர். 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் அதை நிறுத்தும்படி கேட்டனர். பாக்கு நீரிணையில் ‘கேரளக் கஞ்சா’ என்று அங்கே பெயர் பெற்ற சரக்கைக் கடற்படை மறிப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் போரின் நினைவு ஆறாத வடக்கில், போதைப்பொருளின் பெயரால் சோதனைச் சாவடியில் மறுபடி சிப்பாய் நிற்பதை மக்கள் வேறு கண்ணோடு பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை அலட்சியம் செய்யும் எந்த நடவடிக்கைக்கும் உள்ளூரிலிருந்து தகவல் வராது. தகவல் இல்லாமல் போதைப்பொருள் தடுப்பே இல்லை.

கிராமத்திலிருந்து வரும் தகவலுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சட்ட விரோதமாகக் கஞ்சா பயிரிடப்படுவது தெரிந்தால் உடனே தெரிவிக்க வேண்டிய கடமையை 47ஆம் பிரிவு கிராம அலுவலர் ஒவ்வொருவர் மேலும் வைக்கிறது. 2019 முதல் மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் போதைப்பொருள் ஒருங்கிணைப்புக் குழு கூட வேண்டும் என்ற ஏற்பாடும் உள்ளது. துணைப்படையை எந்த வேலைக்கு, எத்தனை நாளுக்கு, யாருடைய கட்டளையின்கீழ் அழைப்பது என்பதை எழுத்தில் முடிவு செய்ய வேண்டிய இடம் அந்தக் குழுதான். அழைக்கப்படுபவருக்கு அரைநாள் பயிற்சி போதும்: பையைத் திறக்காதே, பொட்டலத்தைத் தொடாதே, ஆளை மறித்து அதிகாரியை அழை, பார்த்த நேரத்தைக் குறித்துவை. மீறித் துன்புறுத்தும் நோக்கில் சோதனையிடும் அலுவலருக்கு 58ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை உண்டு என்பதையும் அதே பயிற்சியில் சொல்லிவிடலாம்.

சாட்சி சொல்லும் நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தணிக்கையில் நின்றவரின் பெயர் குற்றப்பத்திரிகையில் சாட்சியாக ஏறினால், ஆண்டுகள் கழித்துச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வரும். காவலருக்கு அது பணிநாள். ஊர்க்காவல் படையினருக்கு அது ஒரு நாள் கூலி இழப்பு. வாய்தா தள்ளிப்போனால் இரண்டு நாள், மூன்று நாள். அந்த நாட்களுக்கும் அழைப்புப் படி வழங்குவதும், அவரது முகவரியைப் பதிவுகளில் பாதுகாப்பதும், தணிக்கையில் அவர் செய்த வேலையை மகஜரில் அவர் செய்தபடியே எழுதுவதும் மாவட்டக் காவல் நிர்வாகத்தின் கையில் உள்ள, பெருஞ்செலவில்லாத சீர்திருத்தங்கள்.